ஹெலிகாப்டர் கடந்துபோன பின்னும்

மனநலப் பகுதி: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

இம்முறை வந்த கடிதங்களில் நான்கு, இராமநாதபுரம் கடலோரத்திலிருந்து, பட்டாளத்தில் இருப்பவர்களையும் இருந்து திரும்பியவர்களையும் பற்றி வந்திருக்கின்றன. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கல்வான் பள்ளத்தாக்கில் 2020 ஜூன் 15 அன்று உயிர்நீத்த 20 பேரில் ஒருவரான ஹவில்தார் பழனி, திருவாடானை வட்டத்துக் கடுக்கலூர்க்காரர் என்பது பலருக்கு நினைவிருக்கும். படைக்குப் பிள்ளைகளை அனுப்பிய ஊர்கள் இந்த மாவட்டத்தில் பல. எழுதியவர்களின் பெயர்கள் இங்கே இல்லை.

கேள்வி: என் கணவர் 17 ஆண்டுப் பணி முடித்து ஊர் திரும்பி எட்டு மாதமாகிறது. கடைசி ஆண்டுகளில் காஷ்மீரில் இருந்தார். உச்சிப்புளிக் கடற்படைத் தளத்து ஹெலிகாப்டர் எங்கள் வீட்டுக்கு மேலே போகும்போதெல்லாம் செய்துகொண்டிருப்பதை அப்படியே விட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டி நிற்கிறார். சத்தம் ஓய்ந்து வெகுநேரம் ஆன பின்னும் கை நடுங்குகிறது. இரவில் மூன்று முறையாவது எழுந்து கதவைச் சோதிக்கிறார். போன வாரம் தூக்கத்தில் அலறியவரைத் தோளைத் தொட்டு எழுப்பியபோது என் கையை முறுக்கிவிட்டார். பிறகு விடியும்வரை அழுதார். ஏர்வாடி தர்காவுக்கு அழைத்துப்போய்த் தங்கவைக்கலாம் என்கிறார் மாமியார். 18,000 ரூபாய் கட்டி ஏழு நாள் யோகா முகாமில் சேர்க்கலாம் என்கிறார் என் அண்ணன். இராமேசுவரத்தில் 22 தீர்த்தமும் ஆடினால் தெளியும் என்கிறார் பக்கத்து வீட்டு அத்தை. அவரோ, ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்கிறார். மருந்தில்லாமல் முழுமையாகக் குணமாக வழி உண்டா?

பதில்: அன்புச் சகோதரிக்கு, முறுக்கப்பட்ட உங்கள் கையிலிருந்தே தொடங்குகிறேன். தூங்கும் அவரை இனி ஒருபோதும் தொட்டு எழுப்பாதீர்கள். முதலில் விளக்கைப் போட்டுவிட்டு, அவர் கைக்கு எட்டாத தூரத்தில் கால்மாட்டில் நின்றுகொண்டு, சத்தம் போடாமல் சாதாரணக் குரலில் கூப்பிடுங்கள். கணவர் பெயரைச் சொல்லும் வழக்கமில்லையென்றால் பிள்ளையின் பெயரைச் சொல்லி, ‘இன்னாருடைய அப்பா, நீங்கள் நம் வீட்டில் இருக்கிறீர்கள், நான்தான் பேசுகிறேன்’ என்று இரண்டு மூன்று முறை சொல்லுங்கள். அவர் முறுக்கியது உங்கள் கையை அல்ல. ஆனால் வலித்தது உங்களுக்குத்தான் என்பதால், மறுபடியும் அப்படி நடந்தால் குழந்தைகளோடு வேறு அறையில் படுப்பதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். ‘மருத்துவர் சொன்ன ஏற்பாடு’ என்று அவரிடமே சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

அடுத்தது ஹெலிகாப்டர். மலைப் பகுதியில் பணியாற்றியவருக்கு அந்த இரைச்சல் பெரும்பாலும் ஒரே பொருளைத்தான் தந்திருக்கும்: அடிபட்டவனைத் தூக்கிச் செல்ல வருகிறது, அல்லது அடிபடப்போகும் இடத்தில் இறக்கிவிட வருகிறது. ஆபத்தை மோப்பம் பிடிக்கும் வேலையைச் செய்யும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி, அந்த ஒலியைக் கேட்டதும் அறிவு விழித்துக்கொள்வதற்கு முன்பே உடம்பை முடுக்கிவிடுகிறது. ‘அது அன்று, அங்கே, இது இன்று, இங்கே’ என்று நிகழ்ச்சிக்கு இடமும் காலமும் குறித்து வைக்க வேண்டிய ஹிப்போகாம்பஸ், பேரதிர்ச்சியின்போது தன் வேலையைச் சரிவரச் செய்வதில்லை. அதனால்தான் தென்னந்தோப்புக்கு மேலே போகும் ஹெலிகாப்டருக்கு அவர் காஷ்மீரில் நிற்பவரைப் போல நிற்கிறார். முதல் உலகப் போரின்போது, 1915-இல், இதைக் குண்டுவெடிப்பின் அதிர்ச்சி என்று மருத்துவ இதழில் எழுதினார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-இல் இதற்குப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு, அதாவது பி.டி.எஸ்.டி., என்று பெயரிட்டது. தீய கனவு, திடுக்கிடல், சில இடங்களையும் பேச்சுகளையும் தவிர்த்தல், மனம் மரத்துப்போதல் ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து வாழ்க்கையைக் குலைத்தால் அந்தப் பெயரைச் சொல்லலாம். நேரில் பார்க்காமல் நான் முடிவு சொல்லக் கூடாது. ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பது அதற்கு மிக அருகில் இருக்கிறது.

‘முழுமையாக’ என்ற சொல்லைப் பற்றிச் சிறிது கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. உடம்பு, தூக்கம், வேலை, உறவு, வழிபாடு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பதுதான் முழுமை. மருத்துவத்தை மட்டும் கழித்துவிட்டு மற்றதையெல்லாம் சேர்ப்பது முழுமையாகாது. இந்த நோய்க்கு மிக உறுதியான சான்று உள்ளவை மாத்திரைகள்கூட அல்ல, சில பேச்சுச் சிகிச்சைகள். தவிர்த்துவரும் நினைவைப் பாதுகாப்பான அறையில், பயிற்சி பெற்றவர் துணையோடு, திரும்பத் திரும்பச் சொல்லி அதன் நஞ்சை இறக்கும் முறை ஒன்று. அது 8 முதல் 15 அமர்வுகள்வரை போகும். ‘என்னால்தான் அவன் செத்தான்’ என்பது போல மனத்தில் இறுகிப்போன முடிவுகளை எடுத்து ஆராயும் முறை இன்னொன்று. அது ஏறத்தாழ 12 அமர்வுகள். கண்ணசைவோடு நினைவைக் கையாளும் இ.எம்.டி.ஆர். மூன்றாவது. இவற்றில் எதுவும் வீட்டில் உள்ளவர்கள் செய்யக்கூடியது அல்ல. ‘மனசில் இருப்பதைக் கொட்டித் தீர்த்துவிடு’ என்று உறவினர் சுற்றி உட்கார்ந்து வற்புறுத்துவது பலன் தராது, சிலருக்குக் கேடும் செய்யும். அவராகப் பேசினால் கேளுங்கள். நிறுத்தினால் விட்டுவிடுங்கள்.

இப்போது அண்ணன் சொன்ன யோகாவுக்கு வருகிறேன். நான் யோகாவுக்கு எதிரி இல்லை. ஏழு நாளில் போர்க்களத்தை மனத்திலிருந்து துடைத்துத் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்குபவர்களுக்குத்தான் எதிரி. மெதுவான மூச்சு உடம்பின் பதற்றத்தைக் குறைக்கும் என்பதில் ஐயமில்லை: நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுவது, நிமிடத்துக்கு ஆறு மூச்சு, காலையும் மாலையும் பத்து நிமிடம். ஆனால் பெரிய கூடத்தில் முப்பது பேருக்கு நடுவே கண்ணை மூடிப் படுக்கச் சொல்வதும், மூச்சை அடக்கச் சொல்வதும், கபாலபாதி போல வேகமாக மூச்சை அடிக்கச் சொல்வதும், ஆசிரியர் பின்னாலிருந்து வந்து தோளைத் திருத்துவதும் இவரைப் போன்றவருக்குப் பழைய திகிலையே திரும்பக் கொண்டுவரலாம். கண் திறந்தே இருக்கட்டும். வாசலைப் பார்த்தபடி உட்காரட்டும். வேண்டாம் என்று தோன்றிய நொடியில் நிறுத்தும் உரிமை அவரிடமே இருக்கட்டும். இதை ஏற்கும் ஆசிரியர் உள்ளூரிலேயே கிடைத்தால் அந்த 18,000 ரூபாய் உங்கள் கையிலேயே இருக்கும்.

கடலை எப்படி மறந்தீர்கள் என்று தெரியவில்லை. உங்கள் கடிதத்தில் கடலைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் தனுஷ்கோடிப் பக்கம், என்னிடம் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்த ஒரு முன்னாள் படைவீரரைக் கரைவலை இழுக்கும் கூட்டத்தில் தற்செயலாகக் கண்டேன். கயிற்றைப் பிடித்துக் குதிகாலை மணலில் ஊன்றி, பாட்டுக்குத் தக்கபடி ஓரோர் அடியாகப் பின்னால் நகர்கிறார்கள். பின்வரிசைக்குப் போனவர் கயிற்றை விட்டுவிட்டு நடந்து, தண்ணீர் ஓரத்துக்கு வந்து மறுபடியும் முதலிலிருந்து பிடிக்கிறார். என் அறையில் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டால்தான் உட்காருவார் அந்த மனிதர். முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்பது அவருக்கு ஆகாது. அன்று அவருக்குப் பின்னால் நான்கு பேர் நின்றார்கள், அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. வலை கரையேறியதும் கைநிறையச் சாளை மீனை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள், அவ்வளவுதான் பேச்சு. அது சிகிச்சையன்று. ஆனால் அதற்கடுத்த வாரங்களில்தான் அவர் அறையில் பேசத் தொடங்கினார், அந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது. உங்கள் கணவருக்கும் உடம்பு களைக்கும் வேலை ஒன்று, பலரோடு சேர்ந்து, கேள்வி கேட்காதவர்கள் நடுவே கிடைக்குமா என்று பாருங்கள். எதுவும் கிடைக்காவிட்டால் அதிகாலையில் வெறுங்காலோடு ஈர மணலில் நடக்கட்டும். திகில் எழும்போது காலில் படும் நீர், கச்சான் காற்றின் உப்பு, கண்ணில் தெரியும் ஐந்து பொருள்கள் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். மனத்தை நிகழ்காலத்தில் கட்டிப்போடும் கயிறு அது.

தீர்த்தமாடுவதை நான் தடுக்கவில்லை. ஒன்றை மட்டும் யோசியுங்கள்: கிணற்றுச் சுவர்மேல் நிற்பவர் வாளித் தண்ணீரைத் தலையில் சட்டென்று கொட்டுவார், ஈரப் படிகளில் முன்னும் பின்னும் கூட்டம் நெருக்கும். திடுக்கிடும் நோய் உள்ளவருக்கு 22 முறை இது நேரலாம். கூட்டமில்லாத நாளில், அவருக்கு விருப்பமிருந்தால், ஊற்றுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள்.

ஏர்வாடியைப் பற்றி எழுதும்போது இந்த மாவட்டத்தவருக்கு 2001 ஆகஸ்ட் 6 நினைவுக்கு வராமல் இருக்காது. அன்று அதிகாலை அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்பியோட வழியில்லாமல் 28 பேர் இறந்தார்கள். மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. தர்காவுக்கு வருபவர்களை அரசு மனநல மருத்துவர்கள் அங்கேயே பார்த்து மருந்து கொடுக்கும் ‘தவா-துவா’ ஏற்பாடும் பின்னாளில் வந்தது. மருந்தும் பிரார்த்தனையும் என்று பொருள். மாமியாரிடம் சண்டை வேண்டாம். கூட்டிக்கொண்டு போய்த் தொழுதுவிட்டு, மருத்துவரையும் பார்த்துவிட்டு, அன்றே அழைத்து வந்துவிடுங்கள். தங்கவைக்க வேண்டாம்.

‘எனக்கு ஒன்றுமில்லை’ என்பவரிடம் மனநோய் என்ற சொல்லையே எடுக்காதீர்கள். தூக்கமில்லை என்பதை அவரால் மறுக்க முடியாது. அதற்காகப் பார்க்கலாம் என்று முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவமனைக்கோ இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்லுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அவரோடு பணியாற்றியவர் யாராவது கண்ணில் பட்டால், நாம் நூறு முறை சொல்லி நடக்காதது அவர் ஒருமுறை சொல்லி நடந்துவிடும். கடைசியாக ஒன்று: ஓய்வு பெற்ற பலரைப் போல உங்கள் கணவரும் வங்கிக் காவல் பணிக்காகத் துப்பாக்கி உரிமம் வைத்திருந்தால், துப்பாக்கி இப்போது வீட்டில் இருக்கக் கூடாது. காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைத்து வைக்கலாம். ‘சாகத் தோன்றுகிறதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் அன்று இரவே தனியே விடாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: பட்டாளத்திலிருந்து வந்த என் மகனுக்கு மருத்துவர் செர்ட்ராலின் எழுதிக் கொடுத்தார். மூன்று வாரமாகியும் பலன் தெரியவில்லை; மயக்கமாக இருக்கிறது என்கிறான். நிறுத்திவிட்டு அமுக்கரா (அஸ்வகந்தா) சூரணம் கொடுக்கலாமா? இரவில் தூங்குவதற்கு மெடிக்கலில் ஒரு மாத்திரை வாங்கிக்கொள்கிறான். கேன்டீன் சரக்கும் உண்டு. (தொண்டியிலிருந்து ஒரு தந்தை)

பதில்: ஐயா, செர்ட்ராலின் முழுப் பலன் தர நான்கு முதல் ஆறு வாரம், சிலருக்கு இன்னும் அதிகம் ஆகும், இப்போது நிறுத்துவது விதைத்து மூன்றாம் வாரத்தில் உழுதுபோடுவதற்குச் சமம். மயக்கத்துக்குக் காரணம் அதுவாக இருப்பதைவிட, கடையில் சீட்டில்லாமல் வாங்கும் மாத்திரையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அட்டையைப் பாருங்கள்: அல்பிரசோலம், டயஸிபம் என்று இருந்தால், அவை இந்த நோய்க்கு வேண்டாம் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்பவை, பழக்கத்துக்கு அடிமையாக்கும், மதுவோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடும். ஆனால் நெடுநாளாகச் சாப்பிட்டுவந்தால் திடீரென்று நிறுத்தினாலும் வலிப்பு வரலாம். மதுவுக்கும் அப்படியே. ஆகவே இரண்டையும் மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அமுக்கராவை மரபுப் பொருள் என்பதால் தீங்கற்றது என்று எண்ண வேண்டாம். மயக்கத்தைக் கூட்டும், அரிதாகக் கல்லீரலைப் பாதித்ததும் உண்டு. சித்த மருத்துவரைப் பார்ப்பதானால் எல்லா மாத்திரை அட்டைகளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். கேன்டீன் கார்டை மகனே மனமுவந்து உங்களிடம் கொடுத்தால் வாங்கி வையுங்கள், பிடுங்காதீர்கள்.

கேள்வி: எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இலங்கைக்குப் போன இந்திய அமைதிப் படையில் 1987 முதல் யாழ்ப்பாணத்தில் இருந்தேன். அதன் பிறகு முப்பது ஆண்டுக்கு மேல் நன்றாகவே வாழ்ந்தேன். மகளைக் கட்டிக் கொடுத்து, கடையையும் மகனிடம் ஒப்படைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்த பிறகு எல்லாம் திரும்பி வருகிறது. மண்டபம் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வருபவர்களின் பேச்சுவழக்கு காதில் விழுந்தாலே நெஞ்சடைக்கிறது. உடன் இருந்த மற்ற மொழிக்காரர்களுக்கு அன்று அங்குள்ள மக்களின் அழுகை வெறும் சத்தம். எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. இந்த வயதில் இதற்கு வைத்தியம் உண்டா?

பதில்: மதிப்பிற்குரிய ஐயா, உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு முந்திய வரியைப் பல முறை படித்தேன்.

இத்தனை ஆண்டு கழித்து வருவது விந்தையல்ல. வேலையும் பிள்ளைகளும் கடனும் நினைவுகளுக்கு அணை போட்டு வைத்திருக்கும். ஓய்வு பெற்றதும் அணை திறந்துகொள்ளும். வயதானவர்களிடம் சிகிச்சை பலிக்காது என்பதும் உண்மையில்லை.

ஆனால் உங்களுடையது முதல் கடிதத்தில் உள்ளவருடையதைப் போன்ற அச்சமாக எனக்குத் தோன்றவில்லை. 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தையடுத்துப் போய், 1990 மார்ச் 24-இல் கடைசிப் பிரிவு கப்பலேறும்வரை அந்தப் படை ஏறத்தாழ 1,200 பேரை இழந்தது. பொதுமக்களும் ஏராளமாக மாண்டார்கள். அமைதி காக்கவென்று போனவர், தன் மொழி பேசுகிறவர்கள் நடுவே துப்பாக்கியோடு நின்றது வேறு வகைப் புண். வியட்நாமிலிருந்து திரும்பியவர்களைப் பல ஆண்டு கவனித்த ஜோனதன் ஷே என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இதை அறக்காயம் என்ற பொருளில் அழைத்தார். சரியென்று நம்பியதற்கு மாறானதைச் செய்ததாலோ, கண்டும் தடுக்க முடியாமல் போனதாலோ, மேலிருந்தவர்கள் கைவிட்டதாலோ உண்டாவது. மூச்சுப் பயிற்சி அச்சத்தை இறக்கும். குற்ற உணர்வை இறக்காது. ‘ஆணைக்குக் கீழ்ப்படிந்தீர்கள், உங்கள் தப்பில்லை’ என்று உறவினர் அவசரமாகச் சொல்லும் ஆறுதலும் இறக்காது, ஏனென்றால் சொல்பவருக்கு என்ன நடந்தது என்பதே தெரியாது. முழுவதையும் கேட்டு, உடனே மன்னித்தும்விடாமல் பழித்தும்விடாமல் உட்கார்ந்திருக்கக்கூடிய ஒருவர் வேண்டும். அனுபவமுள்ள மனநல ஆலோசகர் அதைச் செய்வார். நீங்கள் மிக மதித்த ஒருவரை, உயிரோடு இல்லாவிட்டாலும், எதிரே இருப்பதாகக் கற்பித்து, அவரிடம் நடந்ததைச் சொல்லி, அவர் என்ன பதில் சொல்வார் என்பதையும் உங்கள் வாயாலேயே சொல்லவைக்கும் முறை ஒன்று உண்டு. பலர் அந்த இடத்தில்தான் முதன்முறையாக அழுகிறார்கள்.

போரிலிருந்து புண்பட்டு வந்தவனை வீட்டில் வைத்துப் பேணுவதை ஒரு சங்கப் பாடல் காட்டுகிறது. வாசலில் வேப்பிலை செருகி, யாழும் குழலும் ஒலிக்க, வெண்கடுகு சிதறி, மணியடித்து, காஞ்சிப் பண் பாடி, நறும்புகை காட்டிப் பெண்கள் காவலிருக்கிறார்கள். மருந்தும் இசையும் மணமும் துணையும் ஒன்றாக இருந்த அந்த ஏற்பாட்டில் புண் கண்ணுக்குத் தெரிந்தது. உங்களுடையது தெரியவில்லை என்பதால் இத்தனை ஆண்டு யாரும் காவலிருக்கவில்லை. உங்கள் மனைவியிடமாவது, விவரம் வேண்டாம், ‘அங்கே நடந்தது இன்னும் என்னை விடவில்லை’ என்ற அளவுக்குச் சொல்லிவையுங்கள்.

நம்பிக்கை உள்ளவரானால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது, மருத்துவர் என்ற முறையில் அல்லாமல் இந்தக் கடலோரத்துக்காரன் என்ற முறையில். உறவினர் அல்லாதவர்க்கும் எள்ளும் நீரும் இறைக்கக் காருண்ய தர்ப்பணம் என்ற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அக்னி தீர்த்தக் கரையில் அமாவாசையன்று நின்று, பெயர் தெரியாத அந்த மனிதர்களுக்கு நீர் இறைப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அரிச்சல்முனைக்குப் போய் இலங்கையின் தலைமன்னார்ப் பக்கம் பார்த்து நிற்பது மட்டும் இப்போதைக்குத் தனியாக வேண்டாம். இடையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடல்தான், உங்களுக்கு அது இன்னும் குறைவாகத் தெரியக்கூடும். முகாம்வாசிகளின் பேச்சைக் கேட்டதும் எழுந்து போய்விடுவதையும் சிறிது சிறிதாகக் குறைக்க முயலுங்கள். முதலில் அவர்கள் ஒரு தேநீர் குடித்து முடிக்கும் நேரம் அதே கடையில் இருந்து பாருங்கள், ஆலோசகரிடம் போகத் தொடங்கிய பிறகு.

கேள்வி: நான் இன்னும் பணியில் இருக்கிறேன். விடுப்பு முடிய 12 நாள் இருக்கிறது. தூக்கம் இல்லை, சத்தம் ஆகவில்லை. சொன்னால் மெடிக்கல் கேட்டகரியை இறக்கிவிடுவார்கள் என்று பயம். (சாயல்குடிப் பக்கத்திலிருந்து)

பதில்: தம்பி, அந்தப் பயம் காரணமில்லாததல்ல. ‘ஷேப்’ (SHAPE) என்ற படையின் உடல்தகுதிக் கணக்கில் முதல் எழுத்தான ‘எஸ்’ மனநிலையைக் குறிப்பது என்பது உங்களுக்கே தெரியும். ஆயினும் இறக்கப்படும் தகுதி சிகிச்சைக்குப் பிறகு மீண்டும் ஏற்றப்படுவதும் உண்டு. ஆயுதம் கையில் இருக்கும் நேரத்தில் தூக்கமின்மையால் நேரும் ஒரு தவறைத் திருத்த முடியாது. முதல் படியாக 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை (டெலி மானஸ்) அழையுங்கள். 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது, கட்டணமில்லை, இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம். படையினருக்கென்றே புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் இதன் பிரிவு ஒன்று 2023 டிசம்பரில் தொடங்கப்பட்டது. அழைப்பதற்கு வீட்டில் தனிமை கிடைக்காவிட்டால் போனை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுங்கள், காற்று இரைச்சல் இல்லாத காலை நேரத்தில். அழைக்கும் முன், கடந்த ஏழு இரவுகளில் எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை முறை விழித்தீர்கள் என்று ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.